டியூப் ஆம்ப் இரைகிறதா? சத்தம் எங்கே நுழைகிறது என்று பார்க்கலாம்

டியூப் ஆம்ப்பில் கிட்டாரை மாட்டியதும் பின்னாலிருந்து ஒரு ‘ம்ம்ம்’ வந்தால் நம் பக்கத்தில் உடனே இரண்டு தீர்ப்பு வரும். ஒன்று ‘எர்த் சரியில்லை’, இன்னொன்று ‘வால்வு போச்சு’ (ஒலியைப் பெருக்கும் கண்ணாடிக் குழாயான டியூப்புக்கு இன்னொரு பெயர்தான் வால்வு). பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், கீழக்கரை என்று கடலோரமாக ஆம்ப் வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் இதே பேச்சுதான். அப்புறம் ஒருவர் காசு செலவழித்துப் புது வால்வு வரவழைக்கிறார், இன்னொருவர் பிளக்கில் இருக்கும் பெரிய எர்த் பின்னைக் கழற்றி எறிகிறார், சத்தமோ அப்படியே இருக்கிறது, இல்லாவிட்டால் கொஞ்ச நாள் மறைந்திருந்து திரும்பி வருகிறது. முதலாவதில் பணம் மட்டும் போகும். இரண்டாவதில் ஆளே போகலாம். இதை எழுதுவதற்கு அந்த இரண்டாவதுதான் முக்கியக் காரணம்.

இரைச்சல் என்பது ஒரே கோளாறு இல்லை. பல கோளாறுகளுக்கு நாம் வைத்திருக்கும் ஒரே பெயர். ஒவ்வொன்றுக்கும் தனிக் குரல் உண்டு, உள்ளே நுழைய தனி வழி உண்டு. அதைக் கண்டுபிடிக்கும் வேலையில் பெரும்பகுதியை ஆம்ப்பைத் திறக்காமலேயே செய்யலாம். காது வேண்டும், ஒரு நல்ல கேபிள் வேண்டும், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கும் பொறுமை வேண்டும்.

ஆம்ப்புக்குள் சத்தம் போகும் வழி

வீட்டுக் குழாயில் தண்ணீர் உவர்ப்பாக வந்தால் நம் ஊரில் யாரும் குழாயை மாற்ற ஓடுவதில்லை. மேல்தொட்டித் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பார்ப்போம். அதுவும் உவர்த்தால் கீழே சம்ப், சம்ப்பும் உவர்த்தால் தெருவில் வரும் தண்ணீர். எதுவரை நல்ல தண்ணீர், எதிலிருந்து உவர் என்று தெரிந்துவிட்டால் கலப்பு அந்த இடைவெளியில்தான். ஆம்ப்பிலும் இதே வேலைதான், ஆனால் ஒரு பெரிய வித்தியாசம்: தண்ணீர் வழியில் பெருகுவதில்லை, ஆம்ப்பில் ஒவ்வொரு கட்டமும் தனக்கு வந்ததைப் பெருக்கி அடுத்ததற்குத் தள்ளுகிறது.

தந்தியின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் பாகமான கிட்டாரின் பிக்கப்பிலிருந்து வருவது பெரும்பாலும் ஒரு வோல்ட்டுக்கும் குறைவான சிறிய சிக்னல். அது முதலில் ப்ரீஆம்ப்புக்குப் போகிறது. ப்ரீஆம்ப் என்பது சின்ன வால்வுகளால் ஆன முதல் பெருக்கும் பகுதி. பெரும்பாலான கிட்டார் ஆம்ப்களில் 12ஏஎக்ஸ்7 என்ற வால்வு அங்கே இருக்கும், இதற்கே ஐரோப்பாவில் ஈசிசி83 என்று பெயர். அதன் ஒரு கட்டம் மட்டும் சிக்னலைச் சுமார் 50 மடங்கு பெருக்கும். அதன்பின் பவர் ஆம்ப், அதாவது ஈஎல்34, ஈஎல்84, 6எல்6 போன்ற பெரிய வால்வுகள் ஸ்பீக்கரை ஓட்டும் வலிமையைக் கொடுக்கும் பகுதி. இவை எல்லாவற்றுக்கும் மின்சாரம் தருவது பவர் சப்ளை. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் ஏசியை அது 300, 400 வோல்ட் டிசியாக மாற்றித் தருகிறது.

இதிலிருந்து ஒரு விஷயம் புரியும். முதல் வால்வின் வாசலில் நுழையும் மிகச் சிறிய குறுக்கீடும் எல்லாக் கட்டங்களிலும் பெருகித்தான் ஸ்பீக்கருக்கு வரும். கடைசிக் கட்டத்தில் நுழைவது அந்த அளவு பெருகாது. அதனால்தான் தேடும்போது கிட்டார், கேபிள், இன்புட் ஜாக், முதல் வால்வு இந்த நான்கிலும் அதிக நேரம் செலவாகும்.

பாதையை வெட்டிப் பாருங்கள்

ஸ்பீக்கர் இணைந்திருக்கிறதா என்று முதலில் உறுதி செய்யுங்கள். ஸ்பீக்கர் இல்லாமல் டியூப் ஆம்ப்பை ஓட்டவே கூடாது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கெட்டுப்போகும். அப்புறம் இன்புட்டில் எதையும் மாட்டாமல், எல்லா வால்யூமையும் பூஜ்யத்தில் வைத்து ஆம்ப்பை இயக்குங்கள்.

இந்த நிலையிலும் சத்தம் பலமாக இருந்தால் அது பவர் ஆம்ப்பிலோ பவர் சப்ளையிலோ இருக்கிறது. கிட்டாரையும், காலால் மிதித்து ஒலியை மாற்றும் பெடலையும் சந்தேகிக்க வேண்டாம். அமைதியாக இருந்தால் மாஸ்டர் வால்யூமை (மொத்தச் சத்தத்தை வைக்கும் குமிழ்) மெல்ல ஏற்றுங்கள், அதன்பின் கெயினை (ப்ரீஆம்ப் எவ்வளவு பெருக்க வேண்டும் என்று வைக்கும் குமிழ்). ஏற்ற ஏற்றச் சத்தமும் ஏறினால் அது அந்தக் குமிழுக்கு முன்னால் நுழைகிறது. கெயினைப் பாதிக்கு மேல் வைத்தும் பெரிதாக எதுவும் வரவில்லை, கேபிளை மாட்டியதும்தான் வருகிறது என்றால் ஆம்ப் நல்ல நிலையில் இருக்கிறது, தேட வேண்டியது வெளியே. இந்த ஒரு சோதனையிலேயே தேடும் இடம் பாதிக்கு மேல் சுருங்கிவிடும். இதைச் செய்யாமல் பாகம் மாற்ற ஆரம்பிப்பது வீண் செலவு என்பது என் உறுதியான கருத்து.

வெளியே என்று தெரிந்தால் நடுவில் இருக்கும் பெடல் எல்லாவற்றையும் நீக்கி, ஒரே கேபிளில் கிட்டாரை நேராக மாட்டுங்கள். சத்தம் போனால் பெடலோ அதன் அடாப்டரோதான். போகாவிட்டால் கேபிளை மாற்றுங்கள். கேபிளின் உள்கம்பியைச் சுற்றி ஒரு வலை இருக்கும், வெளிக் குறுக்கீடு உள்ளே வராமல் தடுப்பது அதுதான். ஜாக் முனையில் அந்த வலை விட்டுப்போனால் பெரிய உறுமலே கிளம்பும். அடுத்து, கிட்டாரை மடியில் வைத்தபடி மெதுவாகத் திரும்புங்கள். ஒரு திசையில் சத்தம் கூடி இன்னொரு திசையில் அடங்கினால், அருகில் இருக்கும் ஏதோ டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப் புலத்தைப் பிக்கப் பிடிக்கிறது. சிங்கிள் காயில் பிக்கப்பின் இயல்பே இது. இதைத் தவிர்க்கத்தான் 1955-இல் கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர், எதிரெதிராகச் சுற்றிய இரண்டு காயில்களை இணைத்து ஹம்பக்கர் பிக்கப்பை உருவாக்கினார்.

சுருக்கமாக இதுவரை: குமிழ்கள் பூஜ்யத்தில் இருந்தும் இரைந்தால் ஆம்ப்பின் பின்பாதி, கெயினோடு சேர்ந்து ஏறினால் முன்பாதி, கேபிள் மாட்டினால் மட்டும் இரைந்தால் வெளியே.

‘ம்ம்ம்’ எந்தச் சுருதியில் இருக்கிறது?

நம் மின்சாரம் ஒரு நொடிக்கு 50 முறை திசை மாறி மாறி வருகிறது, 50 ஹெர்ட்ஸ் என்பது அதுதான். அது சத்தமாக ஸ்பீக்கரில் கேட்பதே ஹம். ஆனால் ஹம்மில் இரண்டு வகை இருக்கிறது, இரண்டுக்கும் காரணம் வேறு, இதைத்தான் நம் ஆட்கள் அதிகம் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஏசியை டிசியாக மாற்றும்போது பவர் சப்ளை அலையின் கீழ்ப்பாதியையும் மேலே புரட்டிவிடுகிறது. அப்போது நொடிக்கு 50 அலை இருந்த இடத்தில் 100 மேடு வரும். அந்த மேடு பள்ளத்தைச் சமன் செய்யும் பாகம்தான் ஃபில்டர் கெபாசிட்டர்: மின்னூட்டத்தைத் தேக்கி வைத்துப் பள்ளம் வரும்போது கொடுப்பது. வெயிலிலும் ஆம்ப்பின் சூட்டிலும் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் உள்ளே இருக்கும் ஈரப்பசை வற்றித் தேக்கும் திறன் குறைந்துவிடும். அப்போது 100 ஹெர்ட்ஸ் ஹம் கேட்கும். பவர் வால்வுகள் ஜோடியாக வேலை செய்யும் ஆம்ப்பில் ஒன்று தளர்ந்து போனாலும் இதே 100 வரும், ஏனென்றால் இரண்டும் சமமாக இருக்கும்போது அந்த மிச்ச மேடு பள்ளம் ஒன்றையொன்று அடித்துவிடும், சமநிலை கெட்டால் அடிக்காது.

50 ஹெர்ட்ஸ் ஹம் வேறு இடங்களிலிருந்து வருகிறது. வால்வைச் சூடாக்கும் இழைக்கு 6.3 வோல்ட் ஏசி போகிறது, அது கசிந்தால் 50. டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப் புலத்தைப் பிடித்தால் 50. எர்த் லூப் இருந்தாலும் 50, அதைக் கீழே சொல்கிறேன்.

எப்படிப் பிரித்துக் கேட்பது? உங்கள் கையில் கிட்டார் இருக்கிறதே. தடித்த ஆறாவது தந்தியில் மூன்றாவது ஃப்ரெட்டைப் பிடித்தால் வருவது 98 ஹெர்ட்ஸ். ஹம் அந்தச் சுருதிக்கு மிக அருகில் நின்றால் அது 100. அதற்கு ஒரு ஸ்தாயி கீழே, காதைவிட நெஞ்சில் அதிகம் தெரிகிற மாதிரி இருந்தால் 50; பேஸ் கிட்டார் இருந்தால் அதன் தடித்த தந்தியில் அதே மூன்றாவது ஃப்ரெட் 49 ஹெர்ட்ஸ், அதோடு ஒப்பிடலாம். சுருதி சேர்க்கத் தெரிந்த எவருக்கும் இது இரண்டு நிமிட வேலை, இதற்கு மீட்டர் எதுவும் வேண்டாம். பழைய ஆம்ப், குமிழ்கள் பூஜ்யம், 100 ஹெர்ட்ஸ் என்று மூன்றும் சேர்ந்தால் ஃபில்டர் கெபாசிட்டரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். புது 12ஏஎக்ஸ்7 வாங்கி ஒரு பயனும் இல்லை.

எர்த் சத்தத்தைக் குடித்துவிடாது

எர்த் நன்றாக இருந்தால் இரைச்சல் எல்லாம் மண்ணுக்குள் போய்விடும் என்று ஒரு நம்பிக்கை ஊர் முழுக்க இருக்கிறது. பேட்டரியில் ஓடும் சின்ன ஆம்ப்புக்கு எர்த்தே கிடையாது, அதனால் மட்டும் அது ஹம் அடிப்பதில்லை. அதை யோசித்தாலே இந்த நம்பிக்கை சரியில்லை என்று தெரியும்.

பிளக்கின் பெரிய பின்னோடு சேர்ந்த எர்த் வயர் செய்யும் முதல் வேலை பாதுகாப்பு. ஆம்ப்பின் உலோகப் பெட்டியில் தப்பித்தவறி 230 வோல்ட் பட்டுவிட்டால், மின்சாரம் அந்த வயர் வழியாகப் பாய்ந்து ஃபியூஸையோ எம்சிபியையோ விழ வைக்கும். அந்தப் பின்னைக் கழற்றினால் பெட்டியில் நிற்கும் மின்சாரத்துக்கு வேறு வழி இல்லை. பெட்டியோடு கேபிளின் வலை, வலையோடு கிட்டாரின் தந்தி, தந்தியில் உங்கள் விரல். மைக்கில் உதடு பட்டால் வட்டம் முடிந்தது. சத்தம் குறைகிறது என்பதற்காக இதைச் செய்யாதீர்கள், செய்திருப்பவர்களைக் கண்டால் அந்தப் பின்னைத் திரும்ப மாட்டச் சொல்லுங்கள்.

பின்னைக் கழற்றினால் சில நேரம் சத்தம் உண்மையிலேயே குறைகிறதே என்றால், ஆமாம், குறைகிறது. அதற்குக் காரணம் எர்த் லூப். ஒரு தேவாலயத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: பாடகர் குழுவின் கிட்டார் ஆம்ப் மாடியில் ஒரு பிளக்கில், மிக்ஸர் கீழே பீடத்துக்கு அருகில் வேறொரு பிளக்கில், நடுவில் ஒரு சிக்னல் கேபிள். இரண்டு கருவிகளும் சுவர் வழியாக எர்த்தில் சேர்கின்றன, கேபிளின் வலை வழியாகவும் சேர்கின்றன. ஒரு முழு வளையம் உருவாகிவிடுகிறது. இரண்டு பிளக்கின் எர்த்துக்கும் இடையே சிறிய வோல்ட் வித்தியாசம் இருந்தால் போதும், அந்த வளையத்தில் மின்சாரம் ஓடும், வலையில் ஓடுவது சிக்னலோடு கலந்து ஹம்மாகக் கேட்கும். ஆக எர்த் இல்லாததால் வருகிற சத்தம் இல்லை இது, எர்த்துக்கு இரண்டு வழி இருப்பதால் வருகிற சத்தம்.

தீர்வும் எளிது. எல்லாக் கருவிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலிருந்து ஓட்டுங்கள். தூரம் காரணமாக முடியாது என்றால் நடுவில் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸ் (சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சின்னப் பெட்டி) போட்டு அதில் இருக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டுங்கள். அது சிக்னல் கேபிளின் வலையை மட்டும் வெட்டுகிறது, பிளக்கின் எர்த்தைத் தொடுவதில்லை.

எர்த் உண்மையிலேயே சரியில்லாத இடங்களும் நம் கரையில் நிறைய உண்டு. எர்த் குழியின் ஜிஐ பைப்பும் கிளாம்ப்பும் உவர் நிலத்தில் சீக்கிரம் துருப்பிடித்து அறுந்துவிடும், மேலே சிமெண்ட் மூடி அழகாக இருக்கும். தந்தியைத் தொட்டதும் சத்தம் கொஞ்சம் அடங்கினால் அது இயல்பு. தொட்டதும் கூடினால் கிட்டாரின் உள் வயரையோ வீட்டு எர்த்தையோ பார்க்க வேண்டும். விரலில் சுர்ரென்று ஒரு கூச்சம் தெரிந்தால் ஆம்ப்பை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், அதற்கு முன் வாசிக்க வேண்டாம்.

இதோடு சேர்த்து ஒன்று: அமெரிக்காவில் இருக்கும் உறவினர் கொண்டு வந்து கொடுத்த ஆம்ப் 120 வோல்ட்டில் ஓடுவது, அதற்கு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்திருப்பீர்கள். கடையில் கிடைக்கும் பலவற்றில் எர்த் பின் பெயரளவுக்குக்கூட இணைந்திருக்காது. மூன்று பின்னும் தொடர்பில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஆம்ப்பின் மேலே வைக்காமல் தள்ளி வையுங்கள், அதன் காந்தப் புலமே ஹம் தரும்.

உப்புக் காற்றும் கரகரப்பும்

வடகடலும் தென்கடலும் இரண்டு பக்கமும் கிடக்கும் இந்தக் கரையில் ஹம்மைவிட அதிகம் பார்ப்பது கரகரப்பு, படபடப்பு, திடீரென்று வால்யூம் விழுந்து திரும்ப எழுவது. மற்ற ஊர்க்காரர்கள் எழுதிய அறிவுரையில் இது கடைசியில் வரும். நமக்கு இதுதான் முதலில் வர வேண்டும். 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்துக்கு ஓயாமல் பெயின்ட் அடிக்க வைத்த அதே காற்றுதான் உங்கள் ஆம்ப்பின் ஜாக்குக்குள்ளும் போகிறது.

அங்கே நடப்பது துரு மட்டும் இல்லை. காற்றில் வரும் உப்பு வால்வு சாக்கெட்டின் மேல் மெல்லிய படலமாகப் படிகிறது. காய்ந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும், கரைந்த உப்பு நன்றாகக் கடத்தும். இப்போது 12ஏஎக்ஸ்7-இன் சாக்கெட்டைப் பாருங்கள்: ஒன்றாவது பின்னில் நூறு, இருநூறு வோல்ட் நிற்கிறது, அதை ஒட்டிய இரண்டாவது பின்தான் சிக்னல் நுழையும் வாசல். ஆறாவதும் ஏழாவதும் அப்படியே. இரண்டுக்கும் நடுவில் ஈர உப்புப் படலம் இருந்தால் உயர் வோல்ட் கொஞ்சம் கொஞ்சமாக வாசலுக்குள் கசியும், அந்தக் கசிவு சீராக இல்லாமல் விட்டுவிட்டு வருவதால் அது படபடப்பாகக் கேட்கும். மத்தியான ஒத்திகையில் சுத்தமாக இருந்த ஆம்ப் ராத்திரி நிகழ்ச்சியில் கரகரப்பதற்கும், வாடைக் காற்று மாதங்களில் தொல்லை கூடுவதற்கும் இது ஒரு முக்கியக் காரணம். ‘கரண்ட் சரியில்லை’ என்று இதைத் தள்ளிவிடாதீர்கள்.

தேடுவது எப்படி? ஒவ்வொரு குமிழையும் தனித்தனியே முழுக்கத் திருப்புங்கள். திருப்பும்போது மட்டும் கரகரத்தால் அந்தக் குமிழுக்குப் பின்னால் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டருக்குள் அழுக்கு. காண்டாக்ட் கிளீனர் விட்டுப் பலமுறை திருப்பினால் போய்விடும். சுத்தம் செய்தும் போகாவிட்டால் அதற்கு முன்னால் உள்ள ஒரு கெபாசிட்டர் டிசியைக் கசிய விடுகிறது என்று பொருள், அது மெக்கானிக் வேலை. வால்யூம் தானாக விழுந்து எழுந்தால், பின்னால் எஃபெக்ட்ஸ் லூப் என்று இரண்டு ஜாக் இருக்கும் ஆம்ப்பில் செண்ட், ரிட்டர்ன் இரண்டையும் ஒரு சின்ன கேபிளால் இணைத்துப் பாருங்கள். சரியாகிவிட்டால் அந்த ஜாக்கின் உள்தகடு கறுத்துவிட்டது. எதையும் மாட்டாத நேரத்தில் சிக்னல் அந்தத் தகடு வழியாகத்தான் போகிறது, பலர் இதைப் பவர் வால்வு என்று நினைத்து மாற்றுகிறார்கள்.

வால்வு பின்களைத் துடைக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நல்லது, செல்போன் பழுது பார்க்கும் கடைகளில் ஐபிஏ என்று கேட்டால் கிடைக்கும். ஆம்ப்பை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, வால்வு ஆறிய பிறகு நேராக மேலே இழுத்துக் கழற்றுங்கள், பின்களைத் துடையுங்கள், முழுக்க உலர்ந்ததும் அதே இடத்தில் மாட்டுங்கள். மண்ணெண்ணெய், தேங்காய் எண்ணெய், துரு எடுக்கும் ஸ்ப்ரே எதுவும் வேண்டாம், மிஞ்சும் பிசுக்கு இன்னும் உப்பையும் தூசியையும் பிடித்து வைக்கும். ஆம்ப்பைக் கடல் பக்கத்து ஜன்னல் ஓரம் வைக்காமல் உறை போட்டு வைப்பதும், நிகழ்ச்சிக்கு அரை மணி நேரம் முன்பே இயக்கி அதன் சூட்டில் ஈரம் காய விடுவதும் பெரிய உதவி.

வால்வு எப்போது காரணம்?

பழைய வால்வு தட்டினால் மணி மாதிரி ஒலிக்கும், சில நேரம் அதிர்வில் தானே ஊளையிடும். உள்ளே உலோகப் பாகங்கள் தளர்ந்து, அதிர்வையே சிக்னலாக மாற்றிவிடுவதால் இது நடக்கிறது, மைக்ரோஃபோனிக் என்பார்கள். ஆம்ப் ஓடும்போது ஒரு காய்ந்த மரக் குச்சியால், பென்சிலின் அழிப்பான் முனையால்கூட, ஒவ்வொரு சின்ன வால்வையும் மெல்லத் தட்டுங்கள். எல்லாம் லேசாக ஒலிப்பது சகஜம். ஒன்று மட்டும் உரக்க ஒலித்தால் அதுதான்.

இன்னொரு சோதனை: ஆம்ப்பை அணைத்து ஆறவிட்டு, இன்புட்டுக்கு மிக அருகில் உள்ள சின்ன வால்வைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடி இயக்குங்கள். சத்தம் போனால் அது அந்த வால்விலோ அதற்கு முன்னாலோ இருக்கிறது. போகாவிட்டால் மறுபடி ஆம்ப்பை அணைத்து ஆறவிட்டு அடுத்த வால்வுக்கு நகருங்கள். சின்ன வால்வுகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள், பெரிய பவர் வால்வுகளைத் தொட வேண்டாம். ஒன்றைக் கழற்றியதும் மற்றவையும் எரியாமல் போகும் ஆம்ப்கள் சில உண்டு, அவற்றுக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

‘ஸ்ஸ்ஸ்’ என்று மணலில் காற்று போகிற மாதிரி ஒரு சத்தம் மட்டும் இருந்தால் பெரும்பாலும் கவலை வேண்டாம். ரெசிஸ்டர்களும் வால்வும் சூட்டில் தாமாகவே தரும் சத்தம் அது, கெயினை ஏற்றினால் அதுவும் ஏறும். முன்பைவிடத் திடீரென்று கூடினால் மட்டும் முதல் வால்வை மாற்றிப் பாருங்கள்.

திருவிழா மேடை

வீட்டில் அமைதியாக இருந்த ஆம்ப் மேடையில் ‘ஸ்ர்ர்’ என்று கூர்மையாக இரைந்தால் ஆம்ப்பைக் குறை சொல்ல வேண்டாம். ஜூலையில் வேர்க்காடு சந்தியாகப்பர் திருவிழா மாதிரி சீரியல் செட், மங்கலாக்கும் விளக்கு, மலிவான எல்ஈடி எல்லாம் ஒரே லைனில் ஓடும் இடத்தில் அவை மின்னலையை வெட்டி வெட்டி எடுப்பதால் கூர்மையான குறுக்கீடு பரவும். விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தால் எது என்று தெரியும், ஆம்ப்புக்கு வேறு லைன் கேளுங்கள். கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறியதும் இரைந்தால், அந்த இன்வெர்ட்டர் சைன் வேவ் வகை இல்லை. ‘டிக் டிக் டிக்’ என்றால் யாரோ செல்போனை ஆம்ப் மேல் வைத்திருக்கிறார்கள்.

மெக்கானிக்கிடம் போகும்போது

உள்ளே திறக்கும் வேலை மட்டும் உங்களுடையது இல்லை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கெபாசிட்டரில் 300, 400 வோல்ட் தேங்கி நிற்கலாம், அதைப் பாதுகாப்பாக வடிக்கத் தெரிந்தவர்தான் கை வைக்க வேண்டும். உங்கள் வேலை, கண்டதைச் சொல்வது. ‘ஆம்ப் இரையுது அண்ணே, பாருங்க’ என்பதற்குப் பதிலாக, ‘எல்லாம் பூஜ்யத்தில் வைத்தும் வருது, ஆறாவது தந்தி மூணாவது ஃப்ரெட் சுருதியில இருக்கு, வேற வீட்டு பிளக்குலயும் அப்படித்தான்’ என்று சொன்னால் அவர் நேராகப் பவர் சப்ளைக்குப் போவார். எந்த மாதிரி நேரத்தில் வருகிறது, மழைக்காலத்தில் கூடுகிறதா, சூடான பிறகு போகிறதா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். திரும்ப வாங்கும்போது கழற்றிய பாகங்களைக் கேட்டு வாங்கி, வீட்டில் அதே கேபிள், அதே பிளக், குமிழ்கள் அதே எண்ணில் வைத்து மறுபடி கேட்டுப் பாருங்கள்.